தொலைபேசியில் எல்லோரும் கேட்கிற கேள்விகள்: சாப்பாடு, படம், வருத்தம், உலகம்

டொரொண்டோவில் பெறாமகள், பாரிஸில் தம்பி, லண்டனில் மச்சாள், கொழும்பில் கூடப் படித்தவர்கள். யார் அழைத்தாலும் சுகம் விசாரித்த பிறகு அநேகமாக இதே கேள்விகள்தான் வரும். தொலைபேசியில் அவசரமாகச் சொல்லும்போது பாதி விடுபட்டுப் போகிறது. அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். நான் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் பிறந்தவள். போரால் ஊரே வெளியேறிய 1995 இடப்பெயர்வில் வெளியே கிடந்த மாதங்களைத் தவிர மற்றக் காலமெல்லாம் இங்கேதான். மருத்துவம் படித்ததில்லை, அரசியலும் படித்ததில்லை. இவை என் அபிப்பிராயங்கள்.

சின்னம்மா, உங்களுக்கு மிகவும் பிடித்த சாப்பாடு எது? ஒன்றுதான் சொல்லலாம்.

ஒடியல் கூழ், காயவைத்த பனங்கிழங்கின் மாவில் காய்ச்சுவது. யோசிக்கவே தேவையில்லை.

பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க, ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு போட்டு அவிய விடவேண்டும். பிறகு மீன் தலை, நண்டு, இறால், கணவாய். கடைசியில் ஊறவைத்த ஒடியல் மாவையும், அரைத்த செத்தல் மிளகாயையும், பழப்புளியையும் கரைத்து ஊற்றி, முருங்கையிலை தூவி, அடிப்பிடிக்காமல் துழாவவேண்டும். பனையோலையில் கோலிய பிளாவில் வார்த்துக் குடிக்கும்போது ஓலையின் மணமும் சேர்ந்து வரும். கோப்பையில் குடித்தால் எனக்கு அது அரைக் கூழ்தான்.

கூழை ஒரு ஆளுக்கென்று காய்ச்ச முடியாது. பத்துப் பேராவது வேண்டும். வளவில் அடுப்பு மூட்டினாலே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். எங்கள் அம்மா கூழ் காய்ச்சுகிற நாளில் வீட்டில் இருந்த சண்டையெல்லாம் பின்னேரத்துக்குள் ஓய்ந்துவிடும். அதற்காகவும் எனக்குப் பிடிக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. 1990க்குப் பிறகு போரில் பாதை மூடி, பொருளாதாரத் தடை இறுகிய காலத்தில், கோதுமை மா வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்ற நிலையில், பனை எங்களைக் கைவிடவில்லை. பனங்கொட்டையைப் பாத்தியில் புதைத்துவிட்டால் சில மாதத்தில் கிழங்கு. பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. ஒரு சாப்பாட்டைப் பார்த்தால் அது எங்கேயிருந்து வருகிறது, பாதை அடைபட்டால் நாளைக்கும் வருமா என்று யோசிக்கிற பழக்கம் எனக்கு அந்த வருஷங்களில் வந்தது. இந்தப் பக்கத்தில் மற்றக் கேள்விகளுக்கு நான் சொல்லப்போகிற பதில்களுக்கும் அடியில் அதுதான் இருக்கிறது.

இங்கே கடையில் ஒடியல் மா வாங்கிக் கூழ் காய்ச்சினேன், ஒரே கைப்பு. ஏன்?

மாவை அப்படியே கொட்டியிருப்பாய். மாவைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மா அடியில் இறங்கிய பிறகு மேலே நிற்கிற தண்ணீரை வடித்து ஊற்றி, திரும்பவும் தண்ணீர் விட்டு ஊறவிடு. இரண்டு மூன்று தரம் இப்படிச் செய்தால் கைப்புப் போய்விடும். கைப்புப் போகாத ஒடியல் மா உடம்புக்கும் கூடாது. இதில் அவசரப்படாதே.

புட்டா இடியப்பமா?

காலையில் இடியப்பமும் சொதியும், இரவில் புட்டு. புட்டைக் குழலில் அவிப்பதைவிட ஓலையில் பின்னிய நீத்துப்பெட்டியில் அவிப்பதுதான் எனக்கு விருப்பம், அது உதிரியாக, மெதுவாக வரும். நீத்துப்பெட்டி பின்னுகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். சந்தையில் கண்டால் தேவை இல்லாவிட்டாலும் ஒன்று வாங்கிவிடுவேன்.

குரக்கன் (கேழ்வரகு) மாப் புட்டைச் சின்ன வயதில் வேண்டாம் என்று அழுதிருக்கிறேன். இப்போது கிழமையில் இரண்டு நாள் அதுதான்.

யாழ்ப்பாணத்துக் கறி ஏன் இவ்வளவு உறைப்பு? பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள் இல்லை.

உறைப்பை மட்டும் பார்த்தால் எங்கள் தூளுக்கு அநியாயம் செய்வது போலாகும். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை. இவ்வளவையும் தனித்தனியே பதமாக வறுத்து இடித்த தூள் அது. கறி அடுப்பில் இருக்கும்போது ஒழுங்கை முனையிலேயே மணக்கிறது என்றால் அதற்கு இந்த வறுவல்தான் காரணம். பிள்ளைகளுக்கு மிளகாயைப் பாதியாகக் குறைத்து, மல்லியைக் கூட்டித் தனியாக ஒரு தூள் இடித்து வைத்துக்கொள்ளுங்கள். மிளகாய் குறைந்தாலும் மணம் அப்படியே இருக்கும். சும்மா மிளகாய்த்தூளைக் கடையில் வாங்கிப் போட்டுவிட்டு யாழ்ப்பாணக் கறி என்று பிள்ளைக்குக் கொடுத்தால் அது ஓடத்தான் செய்யும்.

மச்சம், மீன் இறைச்சி எல்லாம், சாப்பிடுவீர்களா?

சாப்பிடுவேன். வெள்ளிக்கிழமை இல்லை, நல்லூர்த் திருவிழா நடக்கிற 25 நாளும் இல்லை. அந்த நாட்களில் வாழைக்காய், முருங்கைக்காய், கத்தரிக்காய்ப் பால்கறி எல்லாம் இன்னும் ருசியாக இருப்பது போல எனக்குத் தோன்றும். திருவிழாவுக்குப் போனால் கச்சான் (நிலக்கடலை) வாங்காமல் திரும்பமாட்டேன். கோயிலடியில் ஐஸ்கிரீமும் சாப்பிடுவேன், அதை ஒளிக்கவில்லை.

இப்போது என்ன பார்க்கிறீர்கள்? நாடகத் தொடர்கள் பார்ப்பீர்களா?

சென்னைத் தொடர்களைக் கொஞ்சக் காலம் பார்த்தேன். ஒருத்தியை ஒருத்தி கெடுக்கத் திட்டம் போடுவதைத் தினமும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை, விட்டுவிட்டேன். இப்போது படம் என்றால் மாதத்தில் ஒன்று. வானொலி மட்டும் நாள் முழுக்கக் குசினியில் பாடிக்கொண்டிருக்கும்.

வானொலிக்கு என் வீட்டில் தனி மரியாதை. 1990இல் மின்சாரம் நின்றது, பற்றரியும் தடை செய்யப்பட்ட பொருளாகிவிட்டது. அண்ணா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோவிலிருந்து ஒரு வயர் வானொலிப் பெட்டிக்குப் போகும். செய்தி கேட்கவேண்டும், பாட்டும் கேட்கவேண்டும். ஒருவர் கை ஓய்ந்தால் அடுத்தவர் சுற்றவேண்டும். சுற்றுகிற வேகம் குறைந்தால் பாட்டின் சத்தம் அமுங்கிவிடும். ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் ஏழெட்டுப் பேர் அந்தச் சைக்கிளைச் சுற்றி இருப்போம். அப்படிக் கேட்ட பாட்டுகள் இன்றைக்கு வானொலியில் வந்தால் செய்கிற வேலையை நிறுத்திவிடுவேன்.

பிள்ளைகள் கையடக்கத் தொலைபேசியில் ஒரு பாட்டைப் பத்து விநாடி கேட்டுவிட்டு அடுத்ததுக்குத் தள்ளுவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மனம் நோகிறது. முழுப் பாட்டையும் கேளுங்கள்.

யாழ்ப்பாணத்துக்கென்று சொந்தமாக ஒரு பொழுதுபோக்கு இருக்கிறதா?

ஏன் இல்லை! எங்கள் இசை நாடக நடிகர் வி.வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டத்தை அப்பா என்னைத் தோளில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டினார். பாய் விரித்து, விடிய விடியப் பார்க்கிற நாடகம். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் சுடலைக் காவல்காரன் கூலி கேட்கிற இடத்தில் பக்கத்திலிருந்த பெண்கள் சத்தம் வைத்து அழுதார்கள். அவர் 1989இல் காலமானார். அந்தக் குரலை நேரே கேட்டவர்கள் இன்னும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள், வரும்போது விசாரித்துப் பாருங்கள்.

இணுவிலும் அளவெட்டியும் தவில், நாதஸ்வரத்துக்குப் பேர் போன ஊர்கள். தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் வாசிப்பைத் தமிழ்நாட்டு வித்துவான்களே வியந்து கேட்டார்கள். திருவிழாவில் மேளக் கச்சேரி நடக்கும்போது பக்கத்தில் நின்று செல்பி எடுத்துவிட்டு நகர்ந்துவிடாமல், ஒரு அரை மணித்தியாலம் மண்ணில் இருந்து கேட்டுவிட்டுப் போங்கள்.

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் விடுவார்கள். விதவிதமான உருவங்களில், ஆள் உயரத்துக்கும் பெரிய பட்டங்கள். மார்ச் மாதத்தில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் துடுப்பாட்டம் (கிரிக்கெட்), வடக்கின் பெரும் போர் என்பார்கள். 1904இல் தொடங்கியது. துடுப்பாட்டத்தில் எனக்கு ஆர்வம் இல்லை, ஆனால் அந்த மூன்று நாளும் பட்டணம் கலகலப்பாக இருப்பதைப் பார்க்கப் பிடிக்கும்.

சென்னைப் படங்களில் எங்கள் தமிழ் பேசுவதைப் பற்றி?

பெரும்பாலும் சிரிப்புக்காகவோ பரிதாபத்துக்காகவோதான் எங்கள் பேச்சைப் பயன்படுத்துகிறார்கள். எங்கள் தமிழில் ஒருவர் சாதாரணமாகக் கோபப்படுவதையும் காதலிப்பதையும் கணக்குப் பார்ப்பதையும் படத்தில் பார்க்கவேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. 1977இல் தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் யாழ்ப்பாணத்தை வைத்துப் 'பொன்மணி'யைத் தமிழில் எடுத்தார். எங்கள் வாழ்க்கையை அக்கறையோடு பார்க்க வெளியிலிருந்து ஒருவர் வந்தார் என்பதை நான் நன்றியோடு நினைக்கிறேன். இப்போது இங்கே பெடியளும் பெட்டையளும் குறும்படம் எடுக்கிறார்கள். 2015இலிருந்து யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழாவும் நடக்கிறது. காசு அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கோயில் கோபுரத்துக்குக் கொடுப்பதில் கொஞ்சத்தை இந்தப் பிள்ளைகளின் கமராவுக்கும் கொடுங்கள்.

உங்கள் சீனி வருத்தம் (நீரிழிவு) எப்படி இருக்கிறது?

கட்டுப்பாட்டில் இருக்கிறது. அப்பாவுக்கும் இருந்தது. அவர் காலில் புண் வந்து, அது ஆறாமல், கடைசியில் இரண்டு விரலை எடுக்கவேண்டி வந்தது. அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்பதால் நான் விளையாடுவதில்லை. குளிசையை நேரத்துக்குப் போடுகிறேன். மூன்று மாதச் சராசரி பார்க்கிற இரத்தப் பரிசோதனையைத் தவற விடுவதில்லை. காலையில் முக்கால் மணித்தியாலம் சைக்கிள். இரவில் படுக்கமுன் இரண்டு பாதத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன். சீனி வருத்தக்காரர் எல்லோரும் இதைச் செய்யவேண்டும்.

கோதுமை மாவில் அவிக்கிற வெள்ளைப் புட்டும் பாணும் (ரொட்டி) எங்கள் வீடுகளில் மூன்று நேரமும் புகுந்துவிட்டன. அது எங்கள் பழைய சாப்பாடு என்று சொல்கிறவர்களோடு நான் வாதாடுவேன். கோதுமை இந்த நாட்டில் விளைவதே இல்லை. அது கப்பலில் வருகிற தானியம். தட்டில் பாதி மரக்கறி, கால்வாசி குத்தரிசிச் சோறு, மிச்சம் மீனோ பருப்போ. இதுதான் இப்போது என் அளவு.

உப்புப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. ஒரு தேக்கரண்டி அளவுதான். கருவாட்டுக் குழம்பு, மோர்மிளகாய், ஊறுகாய் மூன்றும் ஒரே சோற்றில் வந்தால் அந்தக் கணக்கு மத்தியானத்திலேயே முடிந்துவிடும். பிரஷர் உள்ளவர்கள் மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

சித்த மருந்தா இங்கிலீசு மருந்தா?

தடிமன், காய்ச்சல்குணம், வயிற்றுப் பொருமல் என்றால் மல்லியும் வேர்க்கொம்பும் (சுக்கு) அவித்த தண்ணீர். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குத்தூள் போட்ட பத்தியக் கறி. இதற்குமேல் என்றால் ஆஸ்பத்திரி. மூன்று நாள் காய்ச்சல் விடவில்லை, அதுவும் மழைக்காலத்தில் என்றால், கைமருந்தை நிறுத்திவிட்டு இரத்தம் சோதியுங்கள், டெங்குவாக இருக்கலாம். பரசிட்டமோலைத் தவிர வேறு வலிக்குளிசை போடவேண்டாம், சில குளிசைகள் டெங்குவில் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். வளவில் சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள். ஒரு காலத்தில் ஊரையே நடுங்க வைத்த மலேரியாவை ஒழித்து, 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் வாங்கிய நாடு இது. டெங்குவையும் அடக்கலாம் என்று நான் நம்புகிறேன்.

ஆஸ்பத்திரிகளைப் பற்றி ஒரு குறை இருக்கிறது. அப்பாவை வீட்டுக்கு விடும்போது ஒரு ஆஸ்பத்திரியில் கொடுத்த துண்டில் எல்லாம் ஆங்கிலம். ஒரு குளிசையை நாளுக்கு ஒரு தரம் என்று விளங்காமல் நாலு நாள் இரண்டு தரம் கொடுத்துவிட்டோம். தலைசுற்றி விழுந்துவிட்டார். 1847இல் இங்கே வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்து எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் படிப்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். நூற்று எழுபது வருஷத்துக்கு முன்னால் அந்நியர் ஒருவரால் முடிந்தது, இன்றைக்கு ஒரு மருந்துத் துண்டில் 'காலையில் ஒன்று' என்று எழுத முடியாதா? இதை நான் எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்று கேட்பேன்.

கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாமா?

எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தும் நான் குடிப்பதில்லை. குடாநாட்டுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். மேலே கொட்டுகிற உரமும் மலசலகூடக் குழிக் கழிவும் வடிகட்டாமல் இறங்கிவிடும். நைத்திரேற் கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க இந்தத் தண்ணீரைப் பயன்படுத்தவே வேண்டாம். குளிக்க, துணி துவைக்கக் கிணறு. குடிக்க, பரிசோதித்த தண்ணீர். ஆற்றில்லாத ஊரில் கிணறுதான் எங்கள் ஆறு. அதற்குள் உரம் போகாமல் பார்ப்பது தோட்டக்காரருடைய வேலை மட்டும் இல்லை, குழி வெட்டுகிற ஒவ்வொரு வீட்டுக்காரருடைய வேலையும்.

உலக அரசியல் உங்களுக்கு எதற்கு, மச்சாள்? நிம்மதியாக இருங்கோவன்.

உலக அரசியல் என் குசினிக்குள் வந்து நிற்கிறது, நான் எங்கே போக?

2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள். மண்ணையும் தண்ணீரையும் நினைத்து உரத்தைக் குறைக்கவேண்டும் என்று சொல்கிறவள் நான். ஆனால் பழகிக்கொள்ள அவகாசம் கொடுக்காமல் செய்ததில் வெங்காயத் தோட்டக்காரரும் நெல் விதைத்தவர்களும் தவித்துப்போனார்கள். அந்த வருஷ முடிவுக்குள் தடையை எடுத்துவிட்டார்கள், ஆனால் நட்டம் நடந்துவிட்டது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது, கோதுமை விலை ஏறியது. ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. பாண் விலை ஏறியது, எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லாமல் மீன்பிடி வள்ளங்கள் கரையில் கிடந்தன. எங்கள் தெருவில் பலர் திரும்பவும் விறகடுப்பு மூட்டினார்கள். நான் 1990களில் பழகிய அதே அடுப்புக் கல்லைத்தான் திரும்ப எடுத்து வைத்தேன்.

2025இல் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்து, பிறகு 20க்கு இறக்கியது. கேட்க எண்தான். ஆனால் விடியமுன் பஸ் ஏறி ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற வன்னிப் பெட்டையளுக்கு அது சம்பளம்.

இந்தியாவா சீனாவா, யார் பக்கம்?

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றாலையும் சூரிய மின்சாரமும் சேர்ந்த திட்டத்தை 2021இல் சீன நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தார்கள். இந்தியா விரும்பவில்லை. அடுத்த வருஷம் அது இந்திய உதவித் திட்டமாக மாறியது. தீவுச் சனத்துக்கு வேண்டியது இருபத்துநாலு மணித்தியாலமும் மின்குமிழ் எரிவது. யார் கொடுத்தாலும் சரி, கெதியாகக் கொடுங்கள் என்பதுதான் என் பக்கம்.

தமிழ்நாட்டோடு எங்களுக்கு இரத்த உறவு. அதைச் சொல்லிவிட்டே இதையும் சொல்கிறேன்: அங்கேயிருந்து வருகிற இழுவைப் படகுகள் கடலின் அடியைச் சுரண்டிக்கொண்டு போகின்றன. மீன்குஞ்சும் போகிறது, எங்கள் மீனவரின் வலையும் அறுந்து போகிறது. அடிமடி இழுவையை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. இரண்டு பக்கமும் ஏழை மீனவர் இருக்கிறார்கள், ஆனால் அந்தப் பெரிய படகுகளின் சொந்தக்காரர் ஏழைகள் இல்லை. பிடிக்கிற முறையை மாற்றாமல் இந்தப் பிரச்சினை தீராது. கூழுக்கு நண்டு வாங்கப் போகும்போது நான் கேட்பது இந்தக் கதைதான்.

காசா பற்றி ஏன் அடிக்கடி பேசுகிறீர்கள்?

மாவும் மருந்தும் எல்லையில் நிற்க, உள்ளே பிள்ளை பசித்திருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். அங்கே நடப்பது எங்களுக்கு நடந்ததைவிடப் பெரிது. 2023 ஒக்டோபரில் இஸ்ரேலில் வீடு புகுந்து கொன்றதும் பெரும் பாவம். ஆனால் எந்தக் காரணத்துக்காகவும் ஒரு சனத்தின் சாப்பாட்டை அடைத்து வைப்பதை நான் ஏற்கமாட்டேன், அதைச் செய்வது யாராக இருந்தாலும்.

ஜெனீவாவால், ஐ.நா. மனித உரிமைப் பேரவையால், ஏதாவது நடக்குமா?

போரில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017இலிருந்து தெருவோரப் பந்தலில் இருக்கிறார்கள். பலர் பிள்ளையின் படத்தோடே செத்துப்போனார்கள். ஜெனீவாத் தீர்மானங்களை நான் ஒவ்வொரு தடவையும் வாசிக்கிறேன். நடக்கும் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அந்தப் பந்தலுக்கு மாதம் ஒரு தரம் தேத்தண்ணியும் வடையும் கொண்டுபோகிறேன், அதை விடமாட்டேன்.

நாங்கள் எந்த மாதம் வரட்டும்? என்ன கொண்டு வரவேண்டும்?

ஆடிப்பிறப்புக்குக் கொழுக்கட்டையும் ஆடிக்கூழும், அதைத் தொடர்ந்து நல்லூர்க் கொடியேற்றம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கும் அதுதான் வசதி. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் முந்தி, ஜூனில் வாருங்கள். இப்போது சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் வருகிறது, கொழும்பில் இறங்கினால் ரயிலில் வரலாம்.

சொக்கிலேற் கொண்டு வராதீர்கள். சீனி அளக்கிற கருவிக்கு இரத்தம் தொடுகிற பட்டிகள் கொண்டு வாருங்கள், இங்கே விலை. என் கருவியின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், அதே இனம் பார்த்து வாங்குங்கள். எத்தனை பேர் என்று இரண்டு நாளுக்கு முந்திச் சொன்னால் போதும், நண்டுக்குச் சொல்லி வைக்கவேண்டும்.